துணைச்சீட்டு

காலையில் எழுந்தார். பல் துலக்கினார். முகம் மழித்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டார். சமையலறை வாசலில் நின்று தேநீர் குடித்தார். அடுப்பில் பால் பொங்கி வருவதைப் பார்த்ததும் வலது காலால் தரையை ஓங்கி மிதித்தார்.

பால் நிற்கவில்லை. வழிந்து அடுப்பை அணைத்தது.

"கையால அணைச்சிருக்கலாம்," என்றாள் மனைவி.

"பழக்கம்."

"தூக்கத்துல என் முழங்காலை மிதிக்கிறதும் பழக்கந்தானா?"

துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தார்.

அவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி பழக்குகிறவர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகியும் அங்கே அவருக்குப் பெயர் புது மாஸ்டர். அவருக்குப் பிறகு யாரும் சேரவில்லை, அதனால் புதுசு இன்னும் பழசாகவில்லை. பழகுகிறவர் ஒரு பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்து இருக்கையில் இவர் காலடியில் இரண்டாவதாக ஒரு பிரேக் இருக்கும். ஆபத்து என்றால் இவர் மிதிப்பார், வண்டி நிற்கும். நாளெல்லாம் அந்த வேலையைச் செய்த கால், சமீப காலமாக, பிரேக் இருக்கிற இடம் இல்லாத இடம் என்று பார்ப்பதை விட்டுவிட்டது. பஸ்ஸில் மிதித்தது. லிஃப்டில் மிதித்தது. முடி வெட்டுகிறவர் காதருகே கத்தரியைக் கொண்டுவந்தபோது மிதித்ததில் நாற்காலி அரை வட்டம் சுற்றியது.

"அண்ணன்கிட்ட பேசிட்டேன்," என்றாள் மனைவி. "முதல் தேதியிலேர்ந்து கடைக்கு வரச் சொன்னான். டைல்ஸுக்குப் பிரேக் கிடையாது."

புது மாஸ்டருக்குத் தேநீர் கசந்தது. மச்சான் கடையில் மச்சானுக்குக் கீழே உட்கார்ந்து, குளியலறைக்குப் பச்சை நல்லதா நீலம் நல்லதா என்று வருகிறவர்களுக்குச் சொல்வதைவிட, ஓட்டத் தெரியாதவர் ஓட்டும் வண்டியில் கண்ணை மூடி உட்காரலாம். அவருக்குத் தெரிந்தது, பிடித்தது, இந்த ஒரு தொழில்தான்.

"இந்த ஒரு மாசம் பாரு," என்றார். "இந்தத் தடவை ஜெயிச்சிடுவேன்."

"போன மாசமும் இதேதான் சொன்னீங்க."

"போன மாசம் எனக்கு விளையாட்டுப் புரியல. இப்பப் புரிஞ்சிடுச்சு."

புது மாஸ்டரிடம் எது குறைந்தாலும் நம்பிக்கை குறைந்ததில்லை.

*

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் ஒரு டாக்டரம்மா.

பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்கிறவர். காலையில் இரண்டு மூன்று வயிறுகளைத் திறந்து பார்த்து மூடிவிட்டு, மாலையில் வண்டி பழக வருவார். வயிற்றைத் திறக்கும்போது யாரிடமும் அனுமதி கேட்பதாகத் தெரியவில்லை. வண்டியில் ஏறிவிட்டால் எல்லாவற்றுக்கும் கேட்பார்.

"போலாமா?" என்பார். முதல் கியர் விழும். "போலாமா?" இரண்டாவது கியர். எதிரே சைக்கிள் வருகிறது, போலாமா? சைக்கிள் போய்விட்டது, போலாமா? புது மாஸ்டர் வாயைத் திறந்து "போலாம்" என்று சொல்லாவிட்டால் வண்டி நகராது. தலையாட்டினால் செல்லாது. பின்னால் நிற்கிறவர்கள் ஹாரனிலேயே இவருடைய பரம்பரையை விசாரிப்பார்கள்.

ஸ்கூலில் அவருக்குப் போலாமா டாக்டர் என்று பெயர்.

வேகமாகப் போகும் வண்டியில் ஆபத்து சட்டென்று வந்து சட்டென்று போய்விடும். டாக்டரம்மா ஓட்டும் வண்டியில் ஒவ்வொரு ஆபத்தும் தூரத்திலேயே முகம் காட்டி, நிதானமாக நடந்து வந்து, நலம் விசாரித்துவிட்டுப் போகும். அது வந்து சேர்வதற்குள் புது மாஸ்டர் பிரேக்கை நாலைந்து தடவை மிதித்து முடித்திருப்பார். இத்தனை மாதத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அது தன் காலின் புண்ணியம் என்பது அவருடைய கணக்கு.

மற்றவர்கள் பழகுவார்கள், டெஸ்டுக்குப் போவார்கள், பாஸாகி இனிப்பு கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். டாக்டரம்மா டெஸ்ட் வரைக்கும் போனதே இல்லை. தேதி கேட்கப் போனாலே அவருக்கு ஏதாவது வந்துவிடும். ஒரு தடவை பல்வலி. ஒரு தடவை வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. ஒரு தடவை, யாருக்கோ அவசரமாகக் குடல்வால் வீங்கியது. அடுத்த மாதத்துக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஓனரம்மாவிடம் சொல்லிவிடுவார். ஓனரம்மாவும், யார் பழக்குவது என்பதை உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள் என்று இவர்களிடம் சொல்லிவிடுவார்.

இவர்கள் என்றால் மூன்று பேர். பெரிய மாஸ்டர், அந்த ஸ்கூல் ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவர். பட்டாளம், ராணுவத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். மூன்றாவது நம் ஆள்.

பேசித் தீராததைச் சீட்டு தீர்த்தது. மாதக் கடைசிச் சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாக்களை மூடிவிட்டுப் பின்னறையில் உட்காருவார்கள். நடுவில் வெட்டித் திறந்த பழைய எஞ்சின் ஒரு மூலையிலும், சாலை விதிகளைக் காட்டும் காந்தப் பலகை இன்னொரு மூலையிலும் இருக்கும் அறை. பலகையில் ஒட்டிவைத்துப் பாடம் நடத்தும் பொம்மை வண்டிகள்தான் பந்தயம். ஆளுக்கு இத்தனை கார், இத்தனை லாரி. முதலில் யாருடைய வண்டிகள் தீர்கின்றனவோ, அவருக்கு அடுத்த மாதம் போலாமா டாக்டர்.

ஆட்டம் போக்கர். பட்டாளம் முகாமில் கற்றுக்கொண்டு வந்தது. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. பிறகு நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக விழும். கையில் இருப்பதையும் நடுவில் இருப்பதையும் சேர்த்து யாருக்கு நல்ல ஐந்து அமைகிறதோ அவர் ஜெயித்தவர். பிடிக்கவில்லையென்றால் கவிழ்த்துவிடலாம். பிடித்திருந்தால், அல்லது பிடித்த மாதிரி நடிக்கத் தெரிந்தால், வண்டிகளை முன்னால் தள்ளலாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆளுக்கு ஒரு கார் கட்டாயம் வைக்க வேண்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் பெட்ரோல்.

புது மாஸ்டர் ரம்மியில் புலி. சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில் அவர் வந்து உட்கார்ந்தால், பெரியப்பா மகன்கள் வெற்றிலை வாங்கப் போகிறேன் என்று எழுந்துவிடுவார்கள். ரம்மிக்குப் பதின்மூன்று சீட்டு, இதற்கு இரண்டு, ஆகவே இது சின்னப்பிள்ளை ஆட்டம் என்று முதல் நாளே முடிவுக்கு வந்தார்.

முதல் மாதம் அவர் கையில் ராஜாவும் ஜாக்கியும் வந்தன. ரம்மி கண்ணுக்கு அதைவிட அழகான காட்சி கிடையாது. நடுவில் ஒரு ராணி வந்துவிட்டால் வரிசை கோத்துக்கொள்ளும். ராணி வரவில்லை. ஆனால் மேசையில் இன்னொரு ராஜா விழுந்தது. புது மாஸ்டர் லாரிகளை எல்லாம் முன்னால் தள்ளினார். பெரிய மாஸ்டரும் தள்ளினார்.

"ராஜா ஜோடி," என்று காட்டினார் புது மாஸ்டர்.

"எனக்கும் ராஜா ஜோடிதாம்ப்பா. உன் ராஜாவுக்குத் துணை யாரு?"

"ஜாக்கி."

"என் ராஜாவுக்குத் துணை ஆஸ்," என்று பெரிய மாஸ்டர் சீட்டைத் திருப்பினார். "டாக்டரம்மாவைக் கேட்டதாச் சொல்லு."

ஜோடி சமமானால் கூட இருக்கும் துணைச்சீட்டுதான் தீர்ப்பு சொல்லும் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. தப்பு ராஜாவை நம்பியதில்தான் என்று முடிவுகட்டினார். அடுத்த மாதம் ஆஸும் ஜாக்கியும் வந்தபோது, ஆஸுக்கு மேலே சீட்டே கிடையாது என்ற தெம்பில் எல்லாவற்றையும் தள்ளினார். மேசையிலும் ஆஸ் விழுந்தது. பட்டாளம் கையில் ஆஸும் ராணியும் இருந்தன.

ஆக, துணையால்தான் தொல்லை. துணையே தேவைப்படாத சீட்டாக வந்தால்? மூன்றாம் மாதம் நாலும் நாலும் வந்தன. பிறவி ஜோடி. யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். புது மாஸ்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேசையில் விழுந்த ஐந்து சீட்டுகளும் நாலைவிடப் பெரியவை. அவற்றில் ஏதாவது ஒன்றோடு மற்ற இருவருக்கும் ஏதாவது ஒரு உறவு இருந்தது.

பட்டாளம் மனமிரங்கினார். கையைக் கழுவும்போது தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தம்பி, உனக்கு வர்ற சீட்டெல்லாம் பாக்க லட்சணமா இருக்கு. அதான் ஆபத்து. மோசமான சீட்டு ஆளைக் கவுக்காது, பாத்தவுடனே நாமளே கவுத்துடுவோம். இந்தப் பாதி அழகு இருக்கு பாரு, புதுப் பெயிண்ட் அடிச்ச பழைய வண்டி மாதிரி. உள்ள பிரேக் இருக்காது. பழகற வரைக்கும் நீ அதுல ஏறாத. கவுத்து வெச்சிட்டு டீ குடி."

புது மாஸ்டர் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். நாலாவது மாதம் ஆட்டம் முழுவதும் கவிழ்த்தார், தேநீர் குடித்தார். ராஜா ஜாக்கி வந்தது, கவிழ்த்தார். ஆஸும் பத்தும் வந்தன, நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு கவிழ்த்தார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பெட்ரோல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஆஸும் ஆஸும் வந்தன. உலகத்திலேயே அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. தேநீர் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு லாரியை எடுத்தார்.

இரண்டு பேரும் அந்த நிமிஷமே கவிழ்த்துவிட்டார்கள்.

"ஏன்?" என்றார் புது மாஸ்டர்.

"நீ டீயைக் கீழ வெச்சுட்ட," என்றார் பெரிய மாஸ்டர்.

கிடைத்தது இரண்டு பெட்ரோல். அது அடுத்த இரண்டு ஆட்டத்தில் தீர்ந்தது.

அப்போதுதான் அவருக்கு ஞானம் பிறந்தது. சீட்டு முக்கியமில்லை, உதார்தான் முக்கியம். ஐந்தாவது மாதம் கையில் ஒன்றுமில்லாமலே எல்லா வண்டிகளையும் தள்ளினார். முகம் கருங்கல். மூச்சு சீர். கண் இமைக்கவில்லை. பெரிய மாஸ்டர் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. மேசையில் இருந்த பொம்மை வண்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையிலிருந்த ஆறும் ஆறுமான ஜோடியை நம்பித் தன் வண்டிகளையும் தள்ளினார்.

அந்த ஜோடி போதுமானதாக இருந்தது.

*

அடுப்பு அணைந்த அந்தக் காலைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, புது மாஸ்டர் மனைவியைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். பொம்மை வண்டிகளுக்குப் பதில் துணிக் கிளிப்புகள். ஒரு எதிராளி இருந்தால் தன் உதாரைக் கூர்தீட்டிக்கொள்ளலாம் என்பது திட்டம். அவள் பாவம், புதுசு, மனம் உடைந்துவிடக் கூடாது என்று ஆரம்பத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தும் ஆடினார்.

துவைத்த துணியைக் காயப்போடும் நேரம் வருவதற்குள் எல்லாக் கிளிப்பும் அவள் பக்கம் போய்விட்டன. இவர் உண்மையாக வைத்தபோதெல்லாம் அவள் கவிழ்த்தாள். உதார் விட்டபோதெல்லாம் சரிக்குச் சரி வைத்தாள்.

"உனக்கு எப்படித் தெரியுது?"

"டம்ளர் சொல்லுது."

மேசையில் தண்ணீர் டம்ளர் இருந்தது. அவர் பார்த்தார்.

"நீங்க பொய் சொல்றப்ப உங்க கால் மேசைக் கட்டையை மிதிக்குது," என்றாள். "தண்ணி ஆடுது. நிஜமாவே சீட்டு இருந்தா ஆடல."

புது மாஸ்டர் பொம்மை வண்டிகளை நினைத்துப் பார்த்தார். பெரிய மாஸ்டர் ஏன் முகத்தைப் பார்க்காமல் வண்டிகளைப் பார்த்தார் என்பது இப்போது விளங்கியது.

"அவங்க ஒரு வார்த்தை சொல்லல பாரு."

"நீங்களா இருந்தா சொல்லியிருப்பீங்களா?"

யோசித்தார். சொல்லியிருக்க மாட்டார்.

அன்று மாலையே பரிகாரங்கள் தொடங்கின. நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஆடிப் பார்த்தார். உதார் விட்டபோது கால் மிதிக்க இடம் தேடி, நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். வலது காலின் மேல் இடது காலைப் போட்டு அழுத்தினார். இப்போது இரண்டு காலும் சேர்ந்து மிதித்தன, டம்ளர் கவிழ்ந்தது. செருப்பைக் கழற்றினார், போட்டார். மனைவி கிளிப்புகளை எடுத்துக்கொண்டு மாடிக்குத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

தனியாக உட்கார்ந்திருந்தபோது வழி தெரிந்தது. காலை நிறுத்த முடியாது. சரி. நிறுத்தாமல் விட்டால்? நல்ல சீட்டானாலும் கெட்ட சீட்டானாலும் ஓயாமல் மிதித்துக்கொண்டே இருந்தால்? எப்போதும் ஹாரன் அடிக்கிறவன் எப்போது அவசரத்தில் அடிக்கிறான் என்று எவன் கண்டான்?

இது இதுவரை வந்த எல்லா யோசனைகளையும்விடச் சிறந்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பயிற்சி வேண்டும். அந்த வாரம் முழுவதும் டாக்டரம்மாவின் வகுப்பில் காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மிதித்தார். வண்டி பத்தடி போகும், நிற்கும். டாக்டரம்மா "போலாமா?" என்பார். இவர் "போலாம்" என்பார். சொல்லிவிட்டு மிதிப்பார். ஒரு தடவை ஆளே இல்லாத மைதானத்தில், பறந்துபோன காக்கைக்காக வண்டியை நிறுத்தினார். பின்னிருக்கையில் இருந்த தண்ணீர்ப் பாட்டில் முன்னிருக்கைக்கு வந்துவிட்டது. டாக்டரம்மா அதை எடுத்து மூடியைத் திருகிப் பின்னால் வைத்துவிட்டு மறுபடி, "போலாமா?" என்றார்.

வெள்ளிக்கிழமை ஓனரம்மா கூப்பிட்டுவிட்டார். டாக்டரம்மா போன் பண்ணினார் என்றதுமே புது மாஸ்டர் மனதுக்குள் டைல்ஸ் கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன பண்ணீங்க நீங்க?" என்றார் ஓனரம்மா.

"கொஞ்சம் பிரேக் பழக்கினேன் மேடம்."

"இந்த வாரம் மாதிரி எப்பவுமே நல்லா இருந்ததில்லையாம். நீங்க ரொம்ப அக்கறையா உக்காந்து வர்றீங்களாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."

அறுவை சிகிச்சை செய்கிறவர்கள் கிண்டல் பண்ணினால்கூட ரத்தம் வராமல்தான் பண்ணுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

*

சனிக்கிழமை மத்தியானம். பின்னறை. வெட்டிய எஞ்சின் அருகே மூவரும் உட்கார்ந்தார்கள்.

முதல் ஆட்டத்திலிருந்தே புது மாஸ்டர் மிதிக்கத் தொடங்கினார். பொம்மை வண்டிகள் மேசை மேல் குதியாட்டம் போட்டன. பெரிய மாஸ்டர் வண்டிகளைப் பார்த்தார், பட்டாளத்தைப் பார்த்தார், மறுபடி வண்டிகளைப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"பூகம்பமா?" என்றார் பட்டாளம்.

"ஆடுங்கண்ணே," என்றார் புது மாஸ்டர்.

யோசனை பலித்தது. அவர்களால் அவரைப் படிக்க முடியவில்லை. ஆனால் அவருக்கு வந்த சீட்டுகளும் படிக்கும்படியாக இல்லை. இரண்டும் ஏழும் வந்தன. மூன்றும் ஒன்பதும் வந்தன. மிதித்துக்கொண்டே கவிழ்த்தார், கவிழ்த்துக்கொண்டே மிதித்தார். பெட்ரோல் போய்க்கொண்டிருந்தது. ஒரு வாரமாக ஓய்வில்லாமல் உழைத்த கால் கெண்டைச்சதையில் ஒரு மாதிரி இழுத்தது. அவர் பொருட்படுத்தவில்லை.

அவரிடம் இரண்டு லாரியும் ஒரு காரும் மிஞ்சியிருந்த நேரத்தில் ராஜாவும் ஜாக்கியும் வந்தன.

பார்த்த மாத்திரத்தில் மனம் குழைந்தது. பட்டாளம் சொன்ன புதுப் பெயிண்ட் ஞாபகம் வந்தது. இருந்தாலும் காரை வைத்து உள்ளே போனார். மேசையில் சீட்டுகள் விழுந்தன. ராஜா இல்லை. ஜாக்கி இல்லை. நடுவில் கோக்க ராணியும் இல்லை. ஒரு ஆஸ் மட்டும் விழுந்து, பெரிய மாஸ்டரைப் பார்த்துச் சிரித்தது. பெரிய மாஸ்டர் ஒரு லாரியைத் தள்ளினார். பட்டாளம் கவிழ்த்தார்.

இங்கே கவிழ்க்க வேண்டும் என்பது புது மாஸ்டருக்குத் தெரியும். கவிழ்த்தால் மிச்சம் இரண்டு லாரி. அது பெட்ரோலாகவே கரையும். முதல் தேதி டைல்ஸ் கடை. மச்சான், "வாங்க மாப்ள, இதுதான் உங்க நாற்காலி," என்பார்.

இரண்டு லாரியையும் எடுத்து நடுவில் வைத்தார்.

வைத்த அதே நொடியில் கெண்டைச்சதை முடிச்சுப் போட்டுக்கொண்டது. வலி முழங்கால் வரை ஏறி, அங்கேயே நின்று, பிறகு கீழே எதுவுமே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. மிதிக்க நினைத்தார். கால் வரவில்லை. மரத்துப்போய்விட்டது. கத்தினால் ஆட்டம் கெடும் என்று பல்லைக் கடித்தார். கண்ணில் நீர் கோத்தது, இமைக்காமல் பெரிய மாஸ்டரையே பார்த்தார்.

பொம்மை வண்டிகள் ஒன்றுகூட அசையவில்லை.

பெரிய மாஸ்டர் அவற்றை நெடுநேரம் பார்த்தார்.

"கால் ஆடல," என்றார் பட்டாளம் மெல்ல.

"பாத்தேன்."

"கண்ணு கலங்குதுண்ணே. ஆனந்தக் கண்ணீர். மூணு ஆஸ் இருந்தாத்தான் இப்படி வரும்."

பெரிய மாஸ்டர் பெருமூச்சு விட்டார். கையிலிருந்த ஆஸையும் அதன் துணையையும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கவிழ்த்தார். புது மாஸ்டர் தன் சீட்டுகளை யாருக்கும் காட்டாமல் கட்டுக்குள் செருகினார்.

அதற்குப் பிறகு பெரிய மாஸ்டர் பழைய பெரிய மாஸ்டராக இல்லை. கவிழ்க்க வேண்டியதை வைத்தார், வைக்க வேண்டியதைக் கவிழ்த்தார். புது மாஸ்டர் எது வைத்தாலும் வண்டிகளைப் பார்த்தார். அவை அசையாமல் இருந்தன, அவர் பயந்தார். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் அவருடைய கடைசிக் கார் புது மாஸ்டர் பக்கம் வந்து சேர்ந்தது.

"கத்துக்கிட்டியே," என்றார் பெரிய மாஸ்டர்.

"எல்லாம் மனசை அடக்கறதுலதாண்ணே இருக்கு," என்றார் புது மாஸ்டர்.

வீட்டுக்குப் போன் செய்து, அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு என்றார். ராஜா ஜாக்கியைப் பற்றியும், உதாரின் தத்துவத்தைப் பற்றியும், பெரிய மாஸ்டர் முகம் போன போக்கைப் பற்றியும் விரிவாகச் சொன்னார். மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"இருக்கான்னே தெரியல," என்றார் பெருமையாக.

*

மாலையில் டாக்டரம்மாவுக்கு அந்த மாதத்தின் கடைசி வகுப்பு. புது மாஸ்டர் நொண்டிக்கொண்டு வந்து பக்கத்து இருக்கையில் ஏறினார். வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். டாக்டரம்மா அந்தக் காலைப் பார்த்தார்.

"போலாமா?"

"போலாம்."

புது மாஸ்டருக்கு உலகம் அழகாக இருந்தது. சைக்கிள்கள் அழகாக இருந்தன. சந்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள்காரன் சட்டென்று குறுக்கே பாய்ந்தான். மிதிக்கக் கால் இல்லை. டாக்டரம்மாவே மிதித்தார். பாட்டில் நகரவில்லை, வண்டி மட்டும் நின்றது. கடைசி நாளில் டாக்டரம்மாவுக்கும் கொஞ்சம் ஓட்ட வந்துவிட்டது என்று புது மாஸ்டர் மகிழ்ந்தார்.

ஆனால் டாக்டரம்மாவின் முகம் வெளுத்திருந்தது. இவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால் என்னாச்சு மாஸ்டர்? நீங்க மிதிக்கவே இல்லையே."

"சும்மா மரத்துப் போச்சு மேடம். அதை விடுங்க. உங்களுக்கு ஒரு நல்ல சேதி இருக்கு."

அடுத்த மாதத்திலிருந்து பெரிய மாஸ்டர் வருகிறார் என்று சொன்னார். ஊரிலேயே அனுபவசாலி என்றார். பக்கத்தில் உட்கார்ந்தால் கல் மாதிரி உட்காருவார், என்னைப் போல அனாவசியமாகப் பிரேக்கைத் தொடமாட்டார், நீங்கள் எவ்வளவு வேகமாகப் போனாலும் அசரமாட்டார், சமயத்தில் தூங்கிக்கூடப் போவார் என்றார்.

"அவர் பயந்து நான் பாத்ததே இல்ல மேடம். நீங்க நிம்மதியா ஓட்டலாம்."

டாக்டரம்மா கியரைப் போட்டார். போலாமா என்று கேட்கவில்லை. வண்டி கிளம்பியது, இரண்டாவது விழுந்தது, மூன்றாவது விழுந்தது, புது மாஸ்டர் அந்த வண்டியில் இதுவரை பார்த்திராத நாலாவதும் விழுந்தது. ஒரு பஸ்ஸை முந்தியது. ஆஸ்பத்திரி மதில் ஓரமாக இரண்டு லாரிகள் நின்றிருந்தன. நடுவில் ஒரு கார் நுழையும் இடம், அதற்கு மேல் ஒரு சாண் கிடையாது. டாக்டரம்மா ஒரு தடவை கண்ணாடியைப் பார்த்தார். ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைச் சுற்றிப் பின்னோக்கி எடுத்து, ஒரே வீச்சில், மதிலுக்கு இணையாக, தைத்து முடித்த மாதிரி அந்த இடைவெளிக்குள் வண்டியை வைத்தார். எஞ்சினை அணைத்தார்.

புது மாஸ்டர் முன்னால் இருந்த லாரியைப் பார்த்தார், பின்னால் இருந்த லாரியைப் பார்த்தார், கடைசியில் டாக்டரம்மாவைப் பார்த்தார்.

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், இவர் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

"எனக்கு லைசென்ஸ் வந்து இருபது வருஷம் ஆச்சு மாஸ்டர், எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் பக்கத்துல உக்காந்து, இல்லாத பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வருவாரு, இப்ப எனக்குப் பதிலா பயப்பட வேற யார் இருக்கா?"